கல்வராயன் மலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

நம் மறைமாவட்டங்களிலிருந்து குருக்களும் அருட்சகோதரியரும் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள காங்கோ, காமரூன் முதலிய நாடுகளுக்குப் பணியாற்றச் செல்வது இன்று புதுமையன்று. புறப்படுமுன் அவர்கள் செய்யும் ஆயத்தத்தை அவர்தம் குடும்பத்தார் நன்கறிவர். மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டு, அதற்கான சான்றைக் கடவுச்சீட்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மலேரியாவுக்கு மாத்திரை வேண்டும். பல மாதங்கள் பிரெஞ்சு மொழி படிக்க வேண்டும். அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைக் கண்டால் எவ்வாறு வணங்குவது, கொடுத்ததை எந்தக் கையால் வாங்குவது, கேளாமல் படம் எடுத்தால் என்ன நேரும் என்பனவற்றையெல்லாம் முன் சென்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே விமானம் ஏறுகிறார்கள். அயல்நாடு என்றதும் நமக்கு அடக்கம் வந்துவிடுகிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் நம்மவர்களோ, புளிச்சோறும் பந்தும் எடுத்துக்கொண்டால் போதும் என்று கருதுகிறார்கள். மே மாத விடுமுறையில் பங்கு இளைஞர்கள் வேன் பிடித்துச் செல்கிறார்கள். கிறிஸ்துமஸ் நாட்களில் குடும்பங்கள் செல்கின்றன. செல்வது நல்லதே. ஆயினும் நாம் செல்வது ஆளில்லாக் காட்டுக்கன்று. பல்லாயிரம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழும் நாட்டிற்கு. அதை மனத்திற்கொண்டு, செல்வோருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மேற்கே சேர்வராயன், வடக்கே சவ்வாது, தெற்கே பச்சைமலை ஆகியன அதன் உடன்பிறப்புகள். பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி வரை உயரமுடையது. சில சிகரங்கள் அதற்கும் மேலே எழுந்துள்ளன. உதகையின் குளிரையோ கொடைக்கானலின் கடைவீதியையோ எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இம்மலையின் கிழக்குப் பகுதி, 1993இல் விழுப்புரம் மாவட்டத்திற்கும், 2019இல் புதிதாகத் தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தில், கருமந்துறையைச் சூழ்ந்து கிடக்கிறது. மலை ஒன்றே, கோடுகள் நாம் கிழித்தவை. ஓர் ஊரில் இருப்பவர் அடுத்த ஊர்ப் பெண்ணை மணந்தால் மாவட்டம் மாறிவிடுவதும் உண்டு.

வழி இரண்டு கூறலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறி, கரியாலூரைக் கடந்து வெள்ளிமலையை அடைவது ஒன்று. சங்கராபுரம் பக்கத்திலிருந்து மூலக்காடு வழியே சேராப்பட்டுக்கு ஏறுவது மற்றொன்று. சேலத்து அன்பர்கள் கருமந்துறை வழியாகவும் வரலாம். புகைவண்டியில் வருவோர்க்குச் சேலம்–விருத்தாசலம் பாதையிலுள்ள சின்னசேலம் நிலையம் அருகில். மலைக்குப் பேருந்துகள் உண்டெனினும் நகரப் பேருந்துபோல் அடுத்தடுத்து வருபவையல்ல. ஏறுமுன்னரே, இறங்கும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சொந்த வாகனத்தில் செல்பவர் எரிபொருளை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்வது நன்று. கைப்பேசிக்குப் பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. ஆகவே கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தலாம் என்று நம்பாமல் சில்லறை நோட்டுகள் கொண்டுசெல்க. வளைவுகளில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற பழைய மரியாதையை இளம் ஓட்டுநர்களுக்கு நினைவூட்டுங்கள். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி எதிரே வந்தால் அவசரப்படாமல் ஒதுங்கி நிற்பதே அறிவு.

மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில், அதாவது ஐப்பசி முதல் தை வரை, மலை மிக அழகாக இருக்கும். ஆனால் கனமழை பெய்யும் நாட்களில் சிற்றூர்களுக்குச் செல்லும் மண்பாதைகளை நம்புவதற்கில்லை. மார்கழியில் போர்வை வேண்டும். முதியோரையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்வோர், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை இரு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துவைக்க வேண்டும். மலையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. பெரிய சிகிச்சை எனில் கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் இறங்கிவர வேண்டும். மலையிலே பிரசவ வலி கண்ட ஒரு தாய்க்கும் இதே தொலைவுதான் என்பதை வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்கும்போது உணர்வீர்கள்.

நிற்க. அங்கு வாழ்பவர் யாவர்? 'மலையாளி' என்பது அவர்களின் இனப்பெயர். கேரள மாநிலத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தார் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே ஒரு மரபுக் கதை வழங்குகிறது. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் வாழும் மக்களைத் தம் பங்காளிகளாகவே கருதுகிறார்கள். கரியராமர் அவர்கள் போற்றும் தெய்வம். சேலம் மாவட்டப் பகுதியில் கரியகோவில் என்று ஊர்ப்பெயரே வழங்குகிறது. சேராப்பட்டு, தொரடிப்பட்டு, மாவடிப்பட்டு என்று 'பட்டு' என முடியும் ஊர்ப்பெயர்களும், 'வளவு' என முடியும் சிற்றூர்ப் பெயர்களும் வழியெங்கும் உங்களை எதிர்கொள்ளும்.

சட்டப்படி இவர்கள் பழங்குடியினர். இங்கும் ஒரு விந்தை. மலையாளிகளைப் பழங்குடியினர் என ஏற்கும் பட்டியல் தருமபுரி, சேலம், தென்னார்க்காடு முதலிய சில மாவட்டங்களை மட்டுமே குறிப்பிடுகிறது. ஆகவே ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளிகளுக்கு அந்தச் சான்றிதழ் கிடைப்பதில்லை. அதற்காக அவர்கள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள்.

இவர்களுடைய அண்மைக்கால வரலாற்றை அறியாமல் மலையேறுவது, வீட்டில் துக்கம் நடந்தது தெரியாமல் விருந்துக்குச் செல்வது போலாகும். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பெயர்களில் அமைந்த ஜாகிர்களின் கீழ் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைநாடு பல தலைமுறைகள் கிடந்தது. நிலத்துக்கு வரி கொடுத்ததோடு, ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்த காலத்தை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். நாடு 1947இல் விடுதலை பெற்றது. இம்மலை முழுமையாக அரசின் ஆட்சிக்குள் வந்தது 1976இல். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் வந்த ஆண்டும் அதுவே. ஆகவே எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் உங்கள் கார் வந்து நின்றதும் திண்ணையிலிருந்து எழுந்து நின்றால், அதை மலைமக்களின் பணிவு என்று மெச்சிக்கொள்ள வேண்டாம். நீங்கள் முந்திக்கொண்டு கைகூப்பி, "உட்காருங்க ஐயா" என்று சொல்லுங்கள்.

இதிலிருந்து நான் வற்புறுத்த விரும்பும் முதல் அறிவுரை பிறக்கிறது. எவரையும் ஒருமையில் விளிக்காதீர்கள். சமவெளியில் நம் வீட்டுப் பிள்ளைகள் பேருந்து நடத்துநரை 'அண்ணா' என்பார்கள். மலையேறியதும் தாத்தா வயதுடையவரை "ஏம்பா, இங்கே வா" என்கிறார்கள். இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பெரியவர்களைப் பார்த்துப் படித்துக்கொள்கிறார்கள். ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என்ற நான்கு சொற்கள் போதும். அவர்களுடைய பேச்சில் சில சொற்களும் இழுப்பும் நமக்குப் புதிதாயிருக்கும். அதைக் கேட்டுச் சிரிப்பதும் திருப்பிச் சொல்லிக் காட்டுவதும் மிகவும் இழிவான செயல்.

ஊருக்குள் நுழைந்ததும் நேரே வீடுகளை எட்டிப் பார்க்காமல், ஊர்க் கவுண்டரையோ பெரியவர் ஒருவரையோ கண்டு, இன்ன ஊரிலிருந்து வருகிறோம், இன்ன காரியத்துக்கு வந்தோம் என்று சொல்லிவிடுவது முறை. பள்ளி ஆசிரியர் எவரேனும் உங்களுக்கு அறிமுகமானவராயின் அவருடன் செல்வது இன்னும் நலம். கோவில் எல்லைக்குள் காலணியுடன் போகலாகாது. வீட்டு வாசலிலும் அப்படியே. நாம் வேறு சமயத்தார் என்பதால் அவர்களுடைய வழிபாட்டிடத்தைக் காட்சிப்பொருளாக எண்ணிவிடக் கூடாது. நம் ஆலயத்தில் திருப்பலி நடக்கையில் அயலார் ஒருவர் பீடத்தருகே வந்து படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும். ஓடையில் குளிக்கும் பெண்களையும், அரையில் துணியில்லாத குழந்தைகளையும் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புகிற வழக்கம் இப்போது பெருகியுள்ளது. கேட்டுப் படமெடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்டபின் எடுத்த படத்தை அவர்களுக்குக் காட்டினால் எவ்வளவு மகிழ்கிறார்கள் என்று பாருங்கள்!

திருமணம் பற்றிய அவர்தம் மரபு ஒன்றை நம் குடும்பங்கள் அறிவது நல்லது. மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்குப் 'பரியம்' கொடுத்துப் பெண்ணெடுப்பதே அங்குப் பழைய வழக்கம். கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதையும் அவர்கள் இழிவாகக் கருதியதில்லை. பெண்ணுக்கு எத்தனை சவரன் போடுவது, வண்டி வாங்கிக் கொடுப்பதா என்று ஆலய முற்றத்திலேயே பேரம் பேசும் நாம், அவர்களைப் பார்த்து 'நாகரிகம் தெரியாதவர்கள்' என்று சொல்லக் கூசவேண்டும். சமவெளியின் சீர்வரிசை வழக்கம் மெல்ல மெல்ல மலைக்கும் ஏறுவதாகக் கேள்விப்படும்போது மனம் வருந்துகிறது.

இனிச் சற்றுக் கசப்பான செய்தி. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரிலுள்ள கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் நச்சுச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டிய அந்நாட்களை இம்மாவட்டத்தார் மறக்கவியலாது. அதன்பின் 'கல்வராயன் மலை' என்றாலே 'சாராயமா?' என்று கேட்பது வெளியூர்க்காரருக்கு வழக்கமாகிவிட்டது. மலையின் ஓடையோரங்களில் சாராய ஊறல் போடுவோர் உண்டு. போலீசார் அவ்வப்போது கண்டுபிடித்து அழிப்பதும் உண்டு. ஆனால் கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்தது மெத்தனால் என்னும் நஞ்சு. அது தொழிற்சாலைப் பொருள். எந்த மலையிலும் விளைவதன்று. சிலர் செய்யும் குற்றத்துக்காக ஒரு மக்களினத்தையே சாராயக்காரர் என்பது பொய்ச்சான்று சொல்வதற்கு நிகர்.

இதில் பயணிகளின் பங்கு என்ன? சுற்றுலா வரும் ஆண்களில் சிலர், வண்டியை நிறுத்தியதும் இரகசியக் குரலில் கேட்கும் முதற்கேள்வி எதுவென்று நான் எழுதத் தேவையில்லை. "மலைச் சரக்கு சுத்தமானதாம்" என்று ஒரு வேடிக்கைபோலக் கேட்கிறார்கள். கேட்கிறவன் இருக்கும்வரை காய்ச்சுகிறவனும் இருப்பான். அவன் பிடிபட்டுச் சிறை செல்லும்போது, கேட்டவர் தம் வீட்டில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருப்பார். நம் பங்குகளிலிருந்து செல்லும் வண்டிகளில் மது ஒரு துளியும் ஏறலாகாது என்பதைப் பங்குப் பேரவையினர் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். நடைமுறைச் செய்தி ஒன்றும் உண்டு: சாராய ஊறலுக்கு வெல்லம் பயன்படுவதால், பொங்கலுக்குக் கொடுக்கிறோம் என்று நல்லெண்ணத்துடன் மூட்டை மூட்டையாக வெல்லம் ஏற்றிச் சென்றாலும் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல நேரலாம். அரிசி பருப்பு கொண்டுசெல்லுங்கள்.

அத்துயரத்தை அடுத்து, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டு, கல்வராயன் மலைமக்களுக்குச் சாலை, பள்ளி, மருத்துவ வசதிகள் எந்த அளவில் உள்ளன என்று அரசிடம் கேட்டது. மலையிலே வேலை போதாமையால் ஆண்டின் சில மாதங்கள் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் திருப்பூருக்கும் கூலிக்குச் செல்வோர் பலர். நீங்கள் செல்லும் ஊரில் முதியோரும் பிள்ளைகளும் மட்டுமே இருந்தால் காரணம் இதுவே. செம்மரம் வெட்டினால் ஒரே வாரத்தில் பெரும்பணம் என்று ஆசைகாட்டி ஆந்திரக் காடுகளுக்கு ஆளெடுக்கும் தரகர்களும் இந்த மலைகளில் நடமாடியவர்களே. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலக் காட்டில் துப்பாக்கிச் சூட்டில் தமிழர் 20 பேர் மாண்டனர். பெரும்பாலோர் அண்டை மாவட்டங்களான திருவண்ணாமலை, தருமபுரியைச் சேர்ந்தவர்கள். அந்தத் தரகரும் நல்ல வண்டியில்தான் வந்தார். இனிக்க இனிக்கத்தான் பேசினார். ஆகையால் முன்பின் அறியாத நீங்கள் வண்டியை நிறுத்தி, "வீட்டில் ஆண்கள் எத்தனை பேர்? எங்கே வேலைக்குப் போகிறார்கள்?" என்று கேட்டால், வாசலில் நிற்கும் தாய் வாய்மூடிக்கொள்வதில் வியப்பில்லை. குடும்ப விவரம் கேட்டுத் துளைக்காதீர்கள். பயிர் பற்றியும் மழை பற்றியும் பேசுங்கள். பேச்சு தானே வளரும்.

பயிர் என்றதும் மரவள்ளியைச் சொல்ல வேண்டும். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவையே மலையின் பழைய உணவு. இன்று சரிவுகளில் எங்கு நோக்கினும் மரவள்ளி. கிழங்கு லாரியேறி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. நாம் பாயசத்தில் போடும் சவ்வரிசி அதிலிருந்து வருவதே. தென்னமெரிக்காவில் பிறந்த இக்கிழங்குதான், நாம் தொடக்கத்திற் சொன்ன காங்கோ நாட்டிலும் கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு. கசப்பு வகைகளை அங்கே நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து, நஞ்சை நீக்கிய பின்னரே உண்பார்கள். ஆலைக்கென்று பயிரிடும் கிழங்கிலும் கசப்பு வகை உண்டு. எனவே சாலையோரத் தோட்டத்திலிருந்து பிடுங்கிப் பச்சையாகக் கடிக்கும் விளையாட்டைப் பிள்ளைகளுக்கு அனுமதிக்காதீர்கள். நஞ்சு ஒருபுறமிருக்க, அது பிறர் பயிர்.

எவரேனும் வீட்டுக்கு அழைத்துக் களியோ சாமைச் சோறோ தந்தால் மறுக்காமல் உண்ணுங்கள். தட்டைப் பார்த்து முகம் சுளித்து, "பழக்கமில்லை" என்று தள்ளிவிட்டால் அவ்வுறவு அன்றோடு முடிந்தது. உண்டபின் பணத்தை நீட்டுவதும் தவறு. அடுத்தமுறை செல்லும்போது அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒன்றைக் கொண்டுபோகலாம்.

தருமம் செய்வதிலும் ஒரு முறை வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து மிட்டாய்களை அள்ளி வீசுவதும், பிள்ளைகள் புழுதியில் விழுந்து பொறுக்குவதைக் கைதட்டி இரசிப்பதும் நம் கண்முன் நடப்பவை. ஆட்டுக்குத் தழை போடுகிறவன்கூட அருகில் சென்று போடுகிறான். கிழிந்த சேலைகளையும் பொத்தானில்லாச் சட்டைகளையும் மூட்டையாகக் கட்டி, 'மலைமக்களுக்கு' என்று எழுதி அனுப்புவதையும் நிறுத்தலாம். நாம் உடுத்தக் கூசுவதை அவர்களுக்குக் கொடுக்கக் கூசாதது எப்படி? மலையில் அரசினர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் உண்டு. தலைமையாசிரியரை முன்கூட்டியே கண்டு, பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று கேட்டு, அதை மட்டும் புதிதாக வாங்கிக் கொடுப்பது சாலச் சிறந்தது. அகராதியாக இருக்கலாம், கம்பளியாக இருக்கலாம், பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்குக் கல்லூரி விண்ணப்பம் எழுதத் துணையாக நம் பங்கிலிருந்து ஓர் ஆசிரியை சென்று வருவதாகவும் இருக்கலாம்.

காண வேண்டிய இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்தில் கோமுகி அணை; கரியாலூரில் படகுத்துறையும் பூங்காவும்; அரசு கோடை விழா நடத்தும் ஆண்டுகளில் அங்குக் கூட்டம் மிகுதி. பெரியார் நீர்வீழ்ச்சி சாலையிலிருந்து எளிதில் அடையக்கூடியது. குடும்பத்துடன் செல்ல ஏற்றது. மேகம் நீர்வீழ்ச்சிக்குக் காட்டு வழியே நடந்து இறங்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் செல்லலாகாது. பாறைகள் வழுக்கும், மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது, வெள்ளம் திடீரென வந்துவிடும். நீந்தத் தெரியும் என்று துணியும் இளைஞரை அடக்கிவைப்பது உடன்செல்லும் பெரியவர்களின் கடமை. அந்தி சாய்ந்தபின் காட்டோரம் நடமாட வேண்டாம். கரடியும் காட்டுப்பன்றியும் உண்டு. நெகிழிக் குப்பைகளைத் திரும்ப எடுத்துவர ஒரு சாக்குப்பையை வண்டியிலேயே வைத்திருங்கள்.

இறங்குமுன் ஏதேனும் வாங்குங்கள். கடுக்காய் இம்மலையின் பேர்பெற்ற பொருள். தோல் பதனிடுவதற்கும் மருந்துக்கும் பயன்படுவது. புளி, தேன், பருவத்தில் பலாப்பழம் ஆகியனவும் கிடைக்கும். கல்லிலும் முள்ளிலும் ஏறிப் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, சுமந்து வந்தவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். நகரத்துப் பெரிய அங்காடியில் ஒட்டிய விலையை வாய்திறவாமல் கொடுக்கிறோமே! தேன் வாங்குவோர் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் வழியாக வாங்கினால் கலப்படம் பற்றிய கவலை குறையும். வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுங்கள். மூடுபனி இறங்கினால் வளைவுகளில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கச்சிராயபாளையம் வந்துவிட்டால் சூடான தேநீர் கிடைக்கும்.